எதிர்வெட்டு

மருதைக்கு யாரையும் சுலபத்தில் நம்பிப் பழக்கமில்லை. கரும்புத் தோட்டத்தில் சிர்தாராக, அதாவது வெட்டுக் கூட்டத்தை நடத்தும் கங்காணியாக இருப்பவனுக்கு அந்தக் குணம் வேண்டும் என்பது அவர் கட்சி. தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்த வருஷம் அவர் துப்பாக்கிச் சத்தத்தைக் காதால் கேட்டவர். அதற்கு முதல் நாள்தான் ஒரு துரை வந்து, எல்லாம் நல்லபடியாக முடியும் என்று சிரித்துவிட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்து சிரிக்கிற துரையைக் கண்டாலே மருதை ஒதுங்கிப் போய்விடுவார்.

ஆகவே ரோஸ் பெல் ஊருக்குப் பக்கத்திலிருந்த அந்தத் தோட்டத்துக்கு இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்திலிருந்து டானியேல் என்ற இளம் துரை வந்து இறங்கி, எல்லாரையும் பார்த்துச் சிரித்தபோதே மருதை உஷாராகிவிட்டார். துரையின் வேலையும் விசித்திரமாக இருந்தது. ஒரே மண், ஒரே கரும்பு, ஒரே கூலி. அப்படியிருக்க ஒரு கூட்டம் மட்டும் மற்றவர்களைவிட அதிகமாக வெட்டுவது எப்படி என்று ஆராய்ச்சியாம். தோட்டத்திலேயே அதிகம் வெட்டுவது மருதையின் கூட்டம். அதனால் அவர்களை ஓரமாக உட்கார்ந்து பார்க்கப் போகிறாராம். யார் பெயரையும் மானேஜரிடம் சொல்லமாட்டேன், இது சத்தியம் என்று துரை சொன்னதை, கூட வந்த மொழிபெயர்ப்பாளன் பாட்ரிக் அந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் எடுத்துச் சொன்னான்.

தூங்குவது மானேஜர் பங்களாவில், சாப்பிடுவது மானேஜர் மேஜையில், ஆனால் மானேஜரிடம் வாயைத் திறக்கமாட்டாராம். இதைக் காதில் பூ வைத்தவனிடம் போய்ச் சொல்லட்டும் என்று மருதை நினைத்துக்கொண்டார்.

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. கூட்டத்தில் சின்னன் என்று ஒருவன். போன வெட்டுக்காலத்தில் கரும்பு வண்டி சாய்ந்து அவன் வலது தோள் நசுங்கிப் போயிற்று. கத்தியை ஓங்கினால் உயிர் போகிற வலி. தோட்டத்துச் சட்டமோ கறார்: ஆளுக்கு ஒரு வரிசை, அவனவன் வரிசையை அவனவனே வெட்ட வேண்டும். முடியாதவனுக்கு வேலையும் இல்லை, தோட்டத்து வீடும் இல்லை. சின்னன் மனைவி மக்களோடு தெருவில்தான் நிற்க வேண்டும்.

நிற்காமல் காப்பாற்றியது கூட்டத்தின் பழைய வழக்கம் ஒன்று. தன் வரிசையை முடித்தவன் சும்மா உட்காரமாட்டான். பின்தங்கியவனுடைய வரிசையின் மறுமுனைக்குப் போய், அங்கிருந்து எதிரே வெட்டிக்கொண்டு வருவான். இருவரும் நடுவில் சந்திப்பார்கள். அதற்கு எதிர்வெட்டு என்று பெயர். இன்று நீ விழுந்தால் நான், நாளை நான் விழுந்தால் நீ என்ற தைரியத்தில்தான் அத்தனை பேரும் பயமில்லாமல் வேகமாக வெட்டினார்கள். துரை கடல் தாண்டித் தேடி வந்தது இதைத்தான். அது மட்டும் துரையின் கண்ணில் படக்கூடாது என்பதில் மருதை உறுதியாக இருந்தார்.

கோயில் மதிலுக்குப் பின்னால் கூட்டத்தைக் கூட்டினார். துரை போகும்வரை எதிர்வெட்டு கிடையாது என்றார். அப்படியானால் சின்னன் பின்தங்குவது பளிச்சென்று தெரியுமே என்று யாரோ கேட்டார்கள்.

"சின்னன் கத்தி எப்படிப் போகுதோ, அப்படித்தான் எல்லார் கத்தியும் போகணும்," என்றார் மருதை.

வீட்டில் அவர் மனைவி கண்ணம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. அந்தத் துரை நிஜமாகவே நல்லவராக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். நல்லவனாக இருந்தால் மானேஜர் பங்களாவில் அவனுக்கு என்ன வேலை என்று மருதை அவள் வாயை அடைத்துவிட்டார்.

வெட்டில் முதலாக நின்ற கூட்டம் கடைசிக் கூட்டமாயிற்று. துரை தலையைச் சொறிந்தார். காரணம் கேட்டால் வெயில் என்றார்கள், கரும்பு முற்றிவிட்டது என்றார்கள். ஒருநாள் சாப்பாட்டு வேளையில், மாமரத்தடியில் துரையோடும் பாட்ரிக்கோடும் சின்னன் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பதை மருதை பார்த்தார். அவர் கிட்டே போனதும் பேச்சு நின்றது. என்ன விஷயம் என்று பிறகு கேட்டதற்கு, குடும்பத்தைப் பற்றி விசாரித்தார் மாமா என்று சின்னன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். மருதைக்கு நெஞ்சு எரிந்தது. யாருக்காக இத்தனை பாடுபடுகிறோமோ அவனே உளவாளியா? அதன்பிறகு அவனோடு அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

துரை கப்பலேறிய வாரமே மானேஜர் கூப்பிட்டனுப்பினார். நல்ல கூட்டத்தைக் கெடுத்துவிட்டாய், இனி நீ சிர்தார் இல்லை என்று ஒரே பேச்சில் முடித்தார். சேன் பியேர் பக்கத்திலிருந்து ஆல்பெர் என்பவனைக் கொண்டுவந்து போட்டார்கள். மருதையின் கையில் கத்தியைக் கொடுத்து, சின்னனுக்குப் பக்கத்து வரிசையைக் காட்டினார்கள். சின்னனை யாரும் தொடவில்லை. விற்றவனுக்குக் கூலி கிடைத்துவிட்டது, இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று மருதை கறுவினார்.

கத்தி பிடித்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. வெயில் ஏறுவதற்குள் உள்ளங்கை கொப்புளித்து, மூச்சு வாங்கி, எல்லாருக்கும் பின்னால் தனியாக நின்றார். அப்போது அவர் வரிசையின் மறுமுனையிலிருந்து கத்திச் சத்தம் கேட்டது. மருதை முதலில் பாதையைத்தான் பார்த்தார். ஆல்பெர் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. சத்தம் நெருங்கிற்று. கரும்பு விலகியபோது, இடது கையில் கத்தியோடு சின்னன் நின்றான். இவன் வரிசையை வேறு யாரோ எதிரே வெட்டி முடித்திருக்க வேண்டும்.

"துரைகிட்டே நான்தான் சொன்னேன் மாமா," என்றான். "கூட்டம் சோம்பேறி இல்லே, என் தோளுக்காகத்தான் நீங்க இப்படிச் செய்றீங்கன்னு எல்லாத்தையும் சொல்லிட்டேன். உங்க மேலே பழி வந்துடுமேன்னு பயமா இருந்திச்சு."

"அப்போ மானேஜர்?"

"அவருக்கு இன்னும் தெரியாது. சிர்தாரை மாத்தாதீங்கன்னு துரை மன்றாடினாராம். கூட இருந்த பாட்ரிக்தான் என்கிட்டே சொன்னான். காரணத்தைச் சொல்லுன்னு மானேஜர் கத்தினப்போ, சத்தியம் பண்ணியிருக்கேன், சொல்லமாட்டேன்னு துரை எழுந்து போயிட்டாராம்."

மருதை கத்தியைத் தாழ்த்தினார். துரை வாக்கு மாறியிருந்தால் சின்னன் தெருவில் நின்றிருப்பான், தான் சிர்தாராகவே இருந்திருப்போம் என்பது மெதுவாக மண்டையில் ஏறிற்று. வெட்கமாக இருந்தது. இருவருக்கும் நடுவில் இன்னும் கொஞ்சம் கரும்பு நின்றது. சின்னனின் முகத்தைப் பார்க்க மாட்டாமல் அவர் குனிந்து வெட்டினார்.