நெடும்பாறையின் மஞ்சள் ஆடுகள்

சண்முகவள்ளிக்கு என்ன உத்தியோகம் என்று யாராவது கேட்டால், பழனி அடிவாரத்தில் பூசைச் சாமான் கடை வைத்திருந்த அவள் அண்ணன் மயில்சாமி, "ஏதோ ஆபீஸ் சோலிங்க" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். சென்னையில் தங்கிப் புள்ளியியல் படித்துப் பட்டம் வாங்கிய தங்கை, கொடைக்கானல் மலையில் ஆடு எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்பதை அவர் எந்த வாயால் சொல்லுவார்? அதிலும் அது யாரும் வளர்க்கிற ஆடு இல்லை. செங்குத்துப் பாறைகளில் தொற்றிக்கொண்டு திரிகிற வரையாடு.

சண்முகவள்ளிக்கோ அந்த வேலையில் ஒரு குறையும் இல்லை. தென்மலை வனவிலங்குக் காப்பு வாரியத்தின் அலுவலகம் அட்டுவம்பட்டியில் மூன்று அறைகளில் இருந்தது. நடு அறையில் அவள் மேசை. 1961ஆம் வருடம் தை மாதம் வேலையில் சேர்ந்த அவள், முதல் வாரத்திலேயே பழைய கோப்புகளை எல்லாம் தூசி தட்டிப் படித்து முடித்தாள். படித்ததில் ஒரு விஷயம் அவளை உறுத்தியது. நெடும்பாறைச் சரிவில் இருக்கும் வரையாடுகளின் எண்ணிக்கை, ஆறு வருடமாக, நானூறு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ரேஞ்சர் சேனாதிபதி கம்பளிக் கோட்டும் மப்ளருமாக வந்து உட்கார்ந்ததும் அவள் கேட்டாள்.

"சார், ஆறு வருஷமா நானூறுன்னே இருக்கே. ஒரு ஆடுகூடப் பொறக்கலியா, சாகலியா?"

"பொறந்ததும் செத்ததும் சரிக்குச் சரியாப் போயிருக்கும்மா."

"இந்த நானூறு மொதல்ல எங்கருந்து வந்துச்சு?"

சேனாதிபதி மப்ளரைச் சரிசெய்துகொண்டார். "எனக்கு முன்னால இருந்தவரு எழுதி வெச்சாரு. பெரிய மனுசன். அவரு எழுதினத நாம மாத்தலாமா?"

சிரிப்பு வந்தாலும் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக அது இல்லை. அந்த நானூறை நம்பித்தான் வாரியம் வருடத்துக்கு இருபது வேட்டைச் சீட்டு கொடுத்துவந்தது. மூடுபனி புண்ணியத்தில் பாதிப் பேர் ஒன்றையும் காணாமல் திரும்பிவிடுவார்கள். மீதிப் பேர் வெறுங்கையோடு திரும்பமாட்டார்கள். உண்மையில் ஆடுகள் நூறோ நூற்றைம்பதோதான் என்றால் இன்னும் சில வருடங்களில் பாறை மட்டும்தான் மிஞ்சும். அவள் சென்னையிலிருந்த இயக்குநர் திருமலைச்சாமிக்கு எழுதினாள். பதில் இரண்டே வரியில் வந்தது: எண்ணிப் பார்க்கவும். சித்திரை பிறப்பதற்குள் அறிக்கை வேண்டும், அப்போதுதான் சீட்டுப் பட்டியல் தயாராகும்.

எண்ணுவது எப்படி? இரண்டு மைல் நீளப் பாறை. காலையில் இந்த முனையில் நிற்கிற ஆடு மத்தியானம் அந்த முனையில் நிற்கும். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் பார்க்கவே முடியாது. அதனால் அவள் படித்திருந்த வேறு ஒரு வழியை நினைத்தாள். அதை முதலில் சொன்னது ஒய்யம்மாளிடம்தான்.

ஒய்யம்மாள் நெடும்பாறைக்குக் கீழே இருந்த பளியர் குடியிருப்பைச் சேர்ந்தவள். தேனும் கடுக்காயும் எடுக்கிறவள். சண்முகவள்ளியைவிட நாலைந்து வயது மூத்தவள். பாறைக்கு வழி காட்ட வாரியம் அவளை வேலைக்கு வைத்திருந்தது. நோட்டும் பென்சிலுமாகத் திரிந்த சண்முகவள்ளியை அவள் டீச்சர் என்றே முடிவு கட்டியிருந்தாள்.

"கொஞ்சம் ஆட்டுக்கு ஒரு அடையாளம் வைக்கணும், ஒய்யம்மா. அப்புறம் அதுகளக் கலைய விட்டுட்டு, கண்ணுல படறத எண்ணணும். படறதுல நாலுல ஒண்ணுக்கு அடையாளம் இருந்தா..."

"அடையாளம் வெச்சத மாதிரி நாலு பங்கு ஆடு இருக்குன்னு அர்த்தம்" என்று ஒய்யம்மாள் முடித்துவைத்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அது சரி, டீச்சரம்மா. வரையாட்டப் பிடிச்சு யாரு பொட்டு வைக்கிறது? நீங்களா?"

சிரித்து முடித்தபின் அவளே வழியும் சொன்னாள். பாறையின் மேல் விளிம்பில் ஓர் இடத்தில் உப்பு மண் இருந்தது. ஆடுகள் அதை நக்க வரும். அங்கே போக ஒரே இடுக்கு, ஓர் ஆடு நுழையும் அகலம்தான். அந்த இடுக்கில் சாயத்தில் முக்கிய சாக்கைத் தொங்கவிட்டால் நுழைகிற ஆடு தானே பூசிக்கொண்டு போகும். குட்டிகளுக்குச் சாக்கு எட்டாது. பெரிய ஆடுகளை மட்டும் எண்ணுவது என்று வைத்துக்கொள்ளலாம்.

சண்முகவள்ளி சின்னாளப்பட்டிக்குப் போய், சேலைக்குப் போடுகிற மஞ்சள் சாயம் இரண்டு தகர டின் வாங்கி வந்தாள். மழைக்கும் வெயிலுக்கும் சில மாதம் தாங்கும் என்றார் சாயக்காரர்.

முதல் இரண்டு நாள் ஆடுகள் சாக்கை முகர்ந்து பார்த்துத் தும்மிவிட்டுப் போயின. மூன்றாம் நாள் காது கிழிந்த ஒரு பெரிய கிடாய், எதிரி என்று நினைத்ததோ என்னவோ, சாக்கை முட்டிக்கொண்டு உள்ளே போனது. அதன் பின்னால் மற்றவையும் போயின. புதருக்குள் படுத்துக்கொண்டு இரண்டு பெண்களும் எண்ணினார்கள். நாலு நாளில் சண்முகவள்ளியின் நோட்டில் இருபத்தைந்து. ஒய்யம்மாள் மடியில் இருபத்துநாலு கூழாங்கல்.

"காது கிழிஞ்ச கெடா ரெண்டுவாட்டி வந்துச்சு, டீச்சரம்மா. உப்பு ருசி அதுக்கு. நீங்க ரெண்டாப் போட்டிருப்பீங்க."

நோட்டைப் புரட்டிப் பார்த்தால் அதுதான் நடந்திருந்தது. சண்முகவள்ளி ஒன்றை அடித்துவிட்டு, இருபத்துநாலு என்று எழுதினாள்.

சாயம் பூசிய ஆடுகள் மற்றவற்றோடு நன்றாகக் கலக்கட்டும் என்று பத்து நாள் காத்திருப்பதாகத் திட்டம். அந்தப் பத்து நாளில் பங்குனி உத்திரம் நெருங்கியது. பழனியில் கூட்டம் சேர்ந்தது. மலைச்சரிவில் விறகெடுக்கப் போன யாரோ ஒருவர், உச்சிப் பாறையில் தகதகவென்று மஞ்சள் ஆடு ஒன்று நிற்கக் கண்டு, விறகைப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். ஆடு முருகனுக்கு வாகனம். ஆண்டவனே உத்திரத்துக்குத் தன் ஆட்டுக்கு மஞ்சள் சாத்தியிருக்கிறான் என்று செய்தி அடிவாரம் முழுக்கப் பரவ அரைநாள்கூட ஆகவில்லை.

ஒன்பதாம் நாள் காலை, எதிர்ச்சரிவில் பைனாகுலரோடு உட்கார்ந்திருந்த சண்முகவள்ளியின் காதில் "அரோகரா" என்ற சத்தம் விழுந்தது. திரும்பிப் பார்த்தாள். காவடியும் தீர்த்தச் சொம்புமாக அறுபது பேர் மேலேறி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால், நெற்றி நிறைய விபூதியோடு வழிகாட்டி வந்தவர், அவளுடைய சொந்த அண்ணன்.

"ஏ வள்ளி! நீயும் தரிசனத்துக்கு வந்தியா?" என்றார் மயில்சாமி, மூச்சு வாங்க.

"அண்ணே, சத்தம் போடாதீங்க! ஆடெல்லாம் ஓடுது பாருங்க!"

ஓடியேவிட்டன. பாறை வெறிச்சோடிக் கிடந்தது. சண்முகவள்ளிக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு மாத உழைப்பு. இருந்தாலும் இத்தனை பேரை இத்தனை உயரம் ஏறவைத்த விஷயத்தில் உண்மையை மறைக்க அவளுக்கு மனமில்லை. ஒரு கல்லின்மேல் ஏறி நின்று உள்ளதைச் சொன்னாள். சாயம் சின்னாளப்பட்டிச் சாயம். சாக்கு வாரியத்துச் சாக்கு. பூசியது நான்.

மயில்சாமி தரையைப் பார்த்தார். கூட்டத்தின் நடுவிலிருந்து ஒட்டன்சத்திரத்து மிளகாய் வியாபாரி கந்தம்மாள் முன்னால் வந்தாள்.

"பூசுனது நீதாங்கற. சரி தாயி. எத்தனையோ சாயம் இருக்க, மஞ்சளத்தான் பூசணும்னு ஒம் மனசுல போட்டது யாரு?"

உண்மையில் சண்முகவள்ளி கேட்டது பச்சைச் சாயம்தான், கடையில் அது தீர்ந்துபோயிருந்தது. அதைச் சொன்னால் இன்னும் மோசமாகும் என்று வாயை மூடிக்கொண்டாள். கூட்டம் "அரோகரா" என்றது, இந்த முறை மெதுவாக.

அந்த மெதுவான சத்தத்தில்தான் அவளுக்கு மூளை வேலை செய்தது. எண்ணுவதற்கு அவளிடம் இருந்தது, வாரியத்துக் காவலர் இரண்டு பேரையும் சேர்த்து, நாலு பேர். இங்கே அறுபது சோடிக் கண்கள் நிற்கின்றன.

"ராத்திரி ஒய்யம்மா குடியிருப்புல தங்கிட்டு நாளைக்கு வெள்ளனே வாங்க" என்றாள். "எல்லாருக்கும் தரிசனம் கெடைக்கும். ஆனா எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணணும். ஆட்ட எண்ணித் தரணும். மஞ்சள் ஆடு மட்டும் இல்ல, மஞ்சள் இல்லாததையும்."

"மஞ்சள் இல்லாத ஆட்ட எண்ணி என்ன புண்ணியம்?" என்றாள் கந்தம்மாள்.

"ஆண்டவனுக்கு மஞ்சள் பூசுன ஆடு மட்டுந்தான் சொந்தமாக்கா?"

கந்தம்மாள் யோசித்தாள். "அதுவுஞ் சரிதான்" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் பாறையை இருபது பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு மூன்று பேர் நிறுத்தினாள். ஒருவர் எண்ணுவதை அடுத்தவர் பார்க்கக் கூடாது. மயில்சாமி தான் கொண்டுவந்த விரலி மஞ்சளை எல்லாருக்கும் கொடுத்தார். மஞ்சள் ஆட்டுக்கு ஒரு மஞ்சள், சாதா ஆட்டுக்கு ஒரு கூழாங்கல். மடியில் போட்டுக்கொள்ள வேண்டும். குட்டி கணக்கில் சேராது. ஒய்யம்மாள் விசிலடித்தால் ஆரம்பம், மறுபடி அடித்தால் முடிவு.

காவடி எடுத்து வந்த கூட்டம் ஒன்று பத்து நிமிடம் வாய் திறக்காமல் நின்றதை அன்றுதான் அந்த மலை பார்த்திருக்கும். வெயில் ஏறஏற ஆடுகள் ஒவ்வொன்றாக விளிம்புக்கு வந்தன. காது கிழிந்த கிடாய் நல்ல வெளிச்சத்தில், கழுத்திலிருந்து தொடைவரை மஞ்சளாக வந்து நின்றபோது, பலருக்குக் கண்ணில் நீர் வழிந்தது. ஆனாலும் மடியில் மஞ்சள் போடுவதை யாரும் மறக்கவில்லை.

பகுதிக்கு மூன்று பேர் சொன்னதில் நடு எண்ணை எடுத்து எழுதினாள் சண்முகவள்ளி. எல்லாம் கிட்டத்தட்ட ஒத்துப்போயிற்று. ஒரு பகுதி மட்டும் இடித்தது. இரண்டு பேர் ஐந்து ஆடு என்றார்கள். மூன்றாவது ஆள் மயில்சாமி. அவர் சொன்னது நூற்றெட்டு.

ஒய்யம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அந்தத் துண்டுப் பாறையில நூத்தியெட்டு நின்னா பாறையே சரிஞ்சுரும், சாமி!"

"அஞ்சுதான் பார்த்தேன்" என்று ஒத்துக்கொண்டார் மயில்சாமி. "நல்ல எண்ணாச் சொல்லலாமேன்னுட்டு..."

மொத்தம் ஐம்பத்தேழு. அதில் மஞ்சள் பதினாலு. சண்முகவள்ளி கல்லின்மேல் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். தொண்ணூற்றெட்டு வந்தது. கூட்டிக் கழித்துப் பார்த்தும் அதேதான். நானூறு இல்லை, நூறுகூடத் தேறவில்லை. வருடத்துக்கு இருபது வேட்டைச் சீட்டு என்பதை அவள் சொன்னதும் கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது.

"ஆண்டவன் ஆட்டச் சுடறதுக்குச் சீட்டா?" என்று கேட்ட கந்தம்மாள், அடுத்த நொடியே வியாபாரியாகிவிட்டாள். "தாயி, ஒருக்கா எண்ணுனா ஒத்துக்குவாங்களா? நான் மொளகா எடை போட்டாலே ரெண்டுவாட்டி போடுவேன். நாளைக்கும் எண்ணிரு."

மறுநாளும் எண்ணினார்கள். ஐம்பத்திரண்டில் மஞ்சள் பதின்மூன்று. கணக்கு, தொண்ணூற்றாறு. சண்முகவள்ளி கந்தம்மாளைக் கட்டிக்கொண்டாள்.

அறிக்கையில் அவள் எதையும் மறைக்கவில்லை. எண்ணியவர்கள் என்ற இடத்தில் "பக்தர்கள், அறுபது பேர்" என்று எழுதினாள். அதைப் படித்த திருமலைச்சாமி மறுவாரமே அட்டுவம்பட்டிக்கு நேரில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டையும் தங்க பிரேம் கண்ணாடியுமாக இருந்த அவர் முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

சேனாதிபதிதான் முதலில் பேசினார். "சார், காவடி தூக்க வந்தவங்க எண்ணுனதெல்லாம் ஒரு எண்ணிக்கையா சார்?"

சண்முகவள்ளி, பகுதிக்கு மூன்று பேர் வைத்ததையும் நடு எண் எடுத்ததையும் இரண்டு நாளும் ஒத்துப்போனதையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நூற்றெட்டையும் சொன்னாள். அதைத் தள்ளியது ஏன் என்றும் சொன்னாள். திருமலைச்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"சரி. அந்த நானூறை எண்ணுனது எத்தனை பேரு, சேனாதிபதி?"

சேனாதிபதி, அவரும் நல்ல மனிதர்தான், தன்னாலேயே சிரித்துவிட்டார். "அவரு ரிட்டயர் ஆகி அஞ்சு வருஷமாச்சு சார்."

மூன்று வருடத்துக்கு நெடும்பாறையில் வேட்டைச் சீட்டு கிடையாது என்று வாரம் திரும்புவதற்குள் உத்தரவு வந்தது. வருடா வருடம் எண்ண வேண்டும், அதற்கு ஒய்யம்மாளை நிரந்தரமாக வேலையில் எடுக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. அடுத்த கணக்கெடுப்புக்குத் தானும் வருவதாகச் சேனாதிபதி தாமாகவே சொன்னார்.

உத்தரவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சண்முகவள்ளி செண்பகனூரிலிருந்து பஸ் பிடித்து, இறங்கி, மீதித் தூரம் நடந்தாள். ஒய்யம்மாள் பலா மரத்தடியில் காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அரிவாளைக் கீழே வைத்தாள்.

"அப்ப மூணு வருஷத்துக்குச் சுட மாட்டாங்க."

"மாட்டாங்க."

"அதுக்கப்புறம் ஆடு பெருகியிருந்தா?"

"பெருகியிருக்குன்னு எழுதுவேன். கொறஞ்சிருந்தா கொறஞ்சிருக்குன்னு எழுதுவேன்."

ஒய்யம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க டீச்சர் இல்லதானே?" என்றாள்.

"இல்லவே இல்ல."

"ரெண்டு மாசமாக் கேக்கணும்னு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு, அரிவாளை எடுத்துப் பழுத்ததாக ஒன்றை அறுத்துக் கீழே தள்ளினாள். பிளந்த பழத்துக்கு இருபுறமும் இருவரும் உட்கார்ந்து கையில் பால் ஒட்ட ஒட்டச் சாப்பிட்டார்கள். கோடை மழையின் முதல் தூறல் விழ ஆரம்பித்தது. பழம் தீரும்வரை இருவரும் எழுந்திருக்கவில்லை.