ரயில் வராமல் கேட் திறக்காது

1
இந்தக் கதை வீட்டோடு சேர்த்து எனக்கு வாடகைக்கு வந்தது. வடக்கு பிரான்சில் நான் குடியிருப்பது பழைய ரயில்வே கேட் காவலாளியின் வீடு. வாசலில் கேட் உண்டு, தண்டவாளம் கிடையாது. கேட் இன்னும் மூடித்தான் இருக்கிறது. ஏன் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒன்றும் தேறவில்லை. அந்தக் கடுப்பில் நானே எழுதுகிறேன்.

2
முதல் தொடக்கம்: 1944 மே மாதம், வானத்தின் உலோகப் பறவைகள் தம் சிறகு— (அடித்துவிட்டேன். குண்டைக் கவிதையாக எழுதுகிறவர்கள் வீட்டில் ஓடு பறந்திருக்காது.)

இரண்டாவது: கேட் காவலாளி லியோந்தினுக்குப் பதினொரு மணிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ரொட்டிக்கடை ஒக்தாவ். கல்யாணத்தைப் பதிவு செய்யும் மேயர் அலுவலகம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். குண்டுவீச்சால் மூன்று முறை தள்ளிப்போன கல்யாணம். இன்றும் நடக்காவிட்டால் வேறு பெண் பார்ப்பதாக ஒக்தாவின் அம்மா சொல்லியிருந்தாள்.

பத்தேகாலுக்கு மணி அடித்தது. அடுத்த ஸ்டேஷனில் ரயில் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். லியோந்தின் கல்யாண உடுப்போடு ரயில்வே தொப்பியை மாட்டிக்கொண்டு கேட்டை மூடினாள். பத்தரைக்கு விமானங்கள் வந்தன. ஜெர்மானியரின் ரயில் பாதையை உடைத்து ஊரைக் காப்பாற்ற வந்த நேச நாட்டு விமானங்கள். ஊரின் தலையில்தான் போட்டன.

புகை அடங்கியபோது தண்டவாளம் இருந்த இடத்தில் இரண்டு ஆள் ஆழத்துக்குப் பள்ளம். செத்தது ஒரு கோழி. (நிஜத்தில் கோழியோடு நிற்காது. என் கதையில் நிற்கும்.) கேட்டில் கீறல்கூட இல்லை.

3
விதி இதுதான்: ரயில் கடந்து, கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கைக் கண்ணால் பார்த்த பிறகே கேட்டைத் திறக்க வேண்டும்.*

"ரயில் வர்றதுக்குத் தண்டவாளமே இல்லையே லியோந்தின், தொறந்தா என்ன?" என்றான் ஒக்தாவ், பள்ளத்துக்கு அப்பாலிருந்து.

"வேலை போயிடும். வீடும் போயிடும். எங்க வம்சத்துல சொந்தமா கையெழுத்துப் போட்டு வேலைக்குச் சேந்த மொத ஆளு நான். அப்பன் கடையில உக்காந்தவனுக்கு அது புரியாது."

* கேட்டைச் சுற்றி நடக்கலாமே என்கிறீர்கள். நடக்கலாம். அப்படி நடப்பவனுக்கு அபராதம் எழுதுவதும் இவள்தான். இவள் முட்டாளோ என்று எனக்கும் சந்தேகம் வந்தது. பிறகு யோசித்தேன்: இவளை முட்டாள் என்று சொல்ல முடிகிறவர்களுக்கு, இருக்கிற வேலை போனால் இன்னொன்று கிடைத்துவிடும்.

4
முடிவு அ: காதல் வென்றது. அவள் கேட்டைத் தி— (வேண்டாம். அவனுக்குப் பெண்டாட்டி கிடைப்பாள், அவளுக்கு வேலை போகும். நல்ல வெற்றி.)

முடிவு ஆ: பதினொன்றே முக்காலுக்கு மேயரே வந்தார். பன்னிரண்டு அடித்தால் அவருக்குச் சாப்பாடு. போருக்கே தள்ளிப்போடாத சாப்பாடு.

"ஒனக்கு ஒரு ரயில் போகணும், அவ்வளவுதானே?"

பதவிப் பட்டையை இறுக்கிக்கொண்டு முன்னால் நின்றார். அவர் இடுப்பை ஒக்தாவ் பிடித்தான், அவன் இடுப்பை அவன் அம்மா, அம்மா இடுப்பைக் கண்ணை மூடிக்கொண்டு பாதிரியார். மேயரின் சுருட்டு புகைய, கூவிக்கொண்டே தண்டவாளம் போன வழியில் பள்ளத்தில் இறங்கி மறுமுனையில் ஏறினார்கள். லியோந்தின் விறைப்பாகக் கொடி காட்டினாள். ரயில் கடந்தது. அவள் கை கேட்டின் பிடிவரை போய் நின்றது.

"கடைசிப் பெட்டியில வெளக்கு இல்ல, மேயர் ஐயா. பாதி ரயில் வழியில கழண்டுடுச்சு போல."

5
மணி பதினொன்று ஐம்பத்தாறு. ஊரில் மற்றவர்கள் நிலவறையில் இருக்கிறார்கள், வரமாட்டார்கள். பாதிரியாருக்கு ஒரு கை ஒக்தாவின் அம்மா மேல், இன்னொரு கை அங்கியைத் தூக்கிப் பிடிக்க. நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். இங்கே சும்மா இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

சிவப்பு விளக்கை ஏற்றி வைத்துவிட்டேன். அதை ஒரு கையில் எடுத்துக்கொண்டு, கூச்சப்படாமல் பாதிரியாரின் இடுப்பைப் பிடியுங்கள்.