இரண்டும் உன் கையில்

இருபத்தாறு வருஷத்து வித்தைகளைக் கட்டிலில் பரப்பி வைத்துவிட்டு, உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தேன். உணவகத்துக்காரர் கேட்டது பத்து நிமிஷச் சரக்கு. ஞாயிற்றுக்கிழமை மதியம் மேசை மேசையாகப் போய்க் காட்ட வேண்டும், பிடித்துப்போனால் வாராவாரம். பெட்டிக்குள் ஆளைப் படுக்கவைத்து வாள் சொருகுவது முதலில் கழிந்தது. பெட்டியை எங்கே வைப்பது என்பது இருக்கட்டும், உள்ளே படுக்க ஆள் வேண்டுமே. சாப்பிடுகிற இடத்தில் புறா ஆகாது. சீட்டுக்கட்டு ஈர மேசையில் ஊறிப்போகும். கடைசியில் சட்டைப்பையில் அடங்கியவை ஒரு மோதிரம், ஒரு கைக்குட்டை, அமுக்கினால் சுருங்கும் இரண்டு சிவப்பு ஸ்பாஞ்சு உருண்டைகள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான்.

சரக்கையாவது பொறுக்கிவிடலாம், என்னை என்ன செய்வது என்பதுதான் பெரிய தொல்லை. "கோட்டு வேணாம் சார், தொப்பி வேணாம். அந்த மேடைக் குரலும் வேணாம், குழந்தைங்க அழுதுரும். சாதாரண மனுஷனா போய் நில்லுங்க, போதும்" என்று சொல்லியிருந்தார் அவர். சொல்வது சுலபம். கோட்டைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று "வணக்கம்" என்றேன். விலாசம் விசாரிக்க வந்தவன் மாதிரி இருந்தது. சிரித்துக்கொண்டே சொல்லிப் பார்த்தேன், எதையோ தலையில் கட்ட வந்தவன் மாதிரி இருந்தது. நாலு நாள் இப்படியே போனது. அந்த நாலு நாளும் வீட்டில் கேட்ட பேச்சுக்குரல் அந்த வணக்கம் ஒன்றுதான்.

மூன்றில் உருண்டைதான் நல்ல வித்தை. என்னிடம் ஒன்று, பார்ப்பவரிடம் ஒன்று. இருவரும் கையை மூடுவோம். திறந்தால் என் கை காலி, இரண்டும் அவர் கையில். சூட்சுமம் ஒன்றும் பெரிதல்ல, கொடுக்கும்போதே இரண்டையும் ஒன்றாக நெரித்து அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட வேண்டும். ஆனால் பழகுவதற்கு இன்னொருவர் கை வேண்டும். என் வலது கை என் இடது கையை ஏமாற்ற முடியுமா? கொஞ்ச நேரம் அதையும் முயன்று பார்த்தேன், வெட்கக்கேடு. வியாழக்கிழமை காலையில், வேறு வழியில்லாமல் என் மனைவிக்குப் போன் செய்தேன்.

வேறு வழியில்லாமல் என்பது பொய். பதினொரு மாதமாக ஒரு சாக்குக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். அவள் தன் அக்கா வீட்டுக்குப் போனது சண்டை போட்டுக்கொண்டு அல்ல. நிகழ்ச்சிகள் நின்றுபோன பிறகும் நான் கோட்டை மாட்டிக்கொண்டு பெட்டியோடு கிளம்புவேன். ரயில் நிலையத்து பெஞ்சில் பொழுதைப் போக்கிவிட்டு வந்து, "இன்னைக்குக் கூட்டம் அள்ளிடுச்சு" என்பேன். ஒரு வருஷம் சொன்னேன், ஒரு வருஷம் கேட்டுக்கொண்டாள். அப்புறம் ஒருநாள், "ஊருக்கு வித்தை காட்டுங்க, எனக்கு வேணாங்க" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். போனில் உருண்டையைப் பற்றித்தான் பேசினேன். வீட்டுக்கு வா என்று மட்டும் சொல்லவில்லை. "மத்தியானம் அரை மணி நேரம் சாப்பாட்டுக்கு விடுவாங்க, வாங்க" என்றாள்.

சட்டை தைக்கும் கம்பெனியில் அவளுக்குக் குறை பார்க்கும் வேலை. ஒரு பிசிறு, ஒரு கோணல் தையல் அவள் கண்ணுக்குத் தப்பாது. வாசலை ஒட்டி ஒரு சிமெண்ட் மேசை, இரண்டு பக்கமும் பெஞ்சு. டப்பாவைத் திறந்து, கேட்காமலே பாதியை மூடியில் வைத்து என் பக்கம் தள்ளினாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். நன்றாக இருந்தது, சொல்லவில்லை.

"இளைச்சுட்டீங்க."

"சட்டை பெரிசு."

"சட்டையப் பத்தி எங்கிட்டயேவா?" என்றபடி கையை நீட்டினாள்.

உள்ளங்கையில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. உருண்டையை வைத்து விரல்களை மூடினேன். பதினொரு மாதம் கழித்து அவள் கையைத் தொடுகிறேன், அதுவும் ஏமாற்றுவதற்கு. திறந்தாள். இரண்டு இருந்தன. அவள் முகத்தில் வியப்பில்லை.

"கை சுத்தமா இருக்கு. கண்ணுதான் கெடுக்குது."

"கண்ணுக்கென்ன?"

"கள்ளத்தனம் பண்ற அந்த நேரத்துக்கு மட்டும் மூடிக்கிறீங்க. ஒரு சொடுக்குப் போடற நேரம்."

"சும்மா சொல்லாத. நாலு நாளா கண்ணாடில பாக்கறேன்."

"மூடிக்கிட்டா கண்ணாடில எப்படிங்க தெரியும்?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "கூட்டம் அள்ளிடுச்சுன்னு வந்து சொல்வீங்களே, அப்பவும் இதேதான்" என்றாள்.

எனக்குக் காது சுட்டது. "இத்தனை வருஷம் ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா திருத்தியிருப்பீங்க. அப்புறம் எனக்கு உண்மை தெரிய வேற என்ன வழி?"

"மறுபடி பண்ணுங்க" என்று கையை நீட்டினாள். செய்தேன். "மூடிட்டீங்க." மறுபடி. "மூடிட்டீங்க. சட்டையா இருந்தா இந்நேரம் குப்பைல போட்டிருப்பேன்." ஏழாவது தடவை கண்ணை அகல விரித்து முழித்ததில் பக்கத்துப் பெஞ்சுப் பெண்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். இவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். எங்கள் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று கணக்குப் போடப் பயமாக இருந்தது. கம்பெனிச் சங்கு இன்றைக்குப் பழுதாகிப் போகக்கூடாதா என்று நினைத்தேன்.

அடுத்த தடவை விரல்களை மூடியவள் திறக்கவில்லை. மூடிய கையை மேசைமேல் வைத்தபடி என்னைப் பார்த்தாள்.

"வீட்ல எப்படி இருக்கீங்க? தனியா இருக்கறது சிரமமா இல்லையே?"

எதைக் கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. வா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தனியாக இருக்க முடியவில்லை, வீடு கடிக்க வருகிறது, கண்ணாடிக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் தன் பழைய வழியில் போய்விட்டது.

"எனக்கென்ன குறைச்சல்? ராஜா மாதிரி இருக்கேன்."

நேராக அவள் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது, நான் இமைக்கவே இல்லை.

தையலைப் பார்ப்பது போல என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எதுவும் தட்டுப்படவில்லை போலிருக்கிறது.

"தேறிட்டீங்க" என்றாள்.

சங்கு ஊதியது. டப்பாவை மூடினாள். கையைத் திறந்து, இருந்ததைப் பார்க்காமலே மேசையில் வைத்தாள். "ஞாயித்துக்கிழமை நல்லா பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு மற்ற பெண்களோடு சேர்ந்து வாசலுக்குள் போனாள். வாசல் பத்தடிதான். கூப்பிட்டால் கேட்டிருக்கும்.

பழைய ஸ்பாஞ்சு, நெரிபட்டால் உடனே எழும்பாது. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே உருண்டையாகக் கிடந்தன. மெல்ல மெல்ல உப்பின. உப்பிப் பழைய அளவுக்கு வந்ததும் விலகி, ஒன்று அங்கேயே நிற்க, மற்றது அவள் உட்கார்ந்திருந்த பக்கமாக உருண்டு மேசை ஓரத்தில் நின்றது.