அரைப் பக்கத்தில் அடங்காத நன்கொடையாளர்

1

இந்தக் கதை பிறந்த இடத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் படித்த பல்கலைக்கழகத்திலேயே, முன்னாள் மாணவர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். நன்கொடை கேட்டுக் கடிதம் எழுதுவது, வந்தால் நன்றி சொல்லி எழுதுவது, காலாண்டிதழுக்கு ‘ஏன் கொடுக்கிறேன்?’ என்று அரைப் பக்கம் எழுதுவது, மூன்றும் என் தலையில். போன மாதம் மேலாளர் ஒரு தாளை என் மேசையில் வைத்தார்.

“பன்னிரண்டு வருஷமா ஒரு தடவைகூட விடாம குடுத்திருக்காங்க. அதுவும் வேதியியல் ஆய்வகத்துக்குன்னே குறிப்பிட்டு. உங்க செட்டுதானே? போன் போட்டுப் பேசி எழுதிடுங்க.”

பெயரைப் படித்ததும் தாளைக் கவிழ்த்து வைத்தேன். விடுதியில் அவளை ஒட்டடைக்குச்சி, சுருக்கமாக ஒட்டடை என்போம். அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி. என் அறைத்தோழி. அந்த ஆய்வகத்துக்கு ஒரு பைசா கொடுக்கவும் அவளுக்குக் காரணம் கிடையாது. கொடுக்காமலிருக்க ஒரு காரணம் உண்டு. அது நான்.

(‘அது நான்’ என்று பத்தியை முடிப்பது கொஞ்சம் நாடகம். இருந்துவிட்டுப் போகட்டும். உண்மைதானே.)

2

எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

‘மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மதியத்தில், இருபது வயதுப் பெண் ஒருத்தி...’ மழையெல்லாம் இல்லை.

‘தவறே செய்யாத மனிதர் உலகத்தில்...’ இது நழுவப் பார்க்கும் வாக்கியம்.

நேராகவே சொல்கிறேன். இறுதியாண்டு. ஆய்வகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு துல்லியத் தராசு இருந்தது. மூச்சுக்காற்று பட்டாலே முள் ஆடும். அதில் எடை போடுகிறவர்கள் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். அன்று பன்னிரண்டு மணிக்கு ஒட்டடை கையெழுத்திட்டு, எடை போட்டுவிட்டுப் போனாள். ஒரு மணிக்கு, யாரும் இல்லாதபோது நான் போனேன். கையெழுத்திடவில்லை. ஒன்றை எடை போட்டேன். அடுத்ததற்கு வெளிச்சம் போதவில்லை என்று பெட்டியோடு ஜன்னல் பக்கம் நகர்த்தினேன். கை நழுவியது. பெட்டி மேசை விளிம்பில் இடித்துச் சரிந்தது. உள்ளே ஏதோ முறிந்த சத்தம். நிமிர்த்தி வைத்து, உறையைப் போர்த்திவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

மாலையில் பதிவேட்டைப் புரட்டினார்கள். கடைசிக் கையெழுத்து அவளுடையது. அந்தப் பருவம் முழுக்க அவளை ஆய்வகத்துக்குள் விடவில்லை. பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது. கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பாடப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

[இந்தக் கதாபாத்திரத்தை, அதாவது என்னை, இரக்கத்துக்குரியவளாக்க மூன்று முறை முயன்றேன். பயந்த சுபாவம், கண்டிப்பான அப்பா, உதவித்தொகை போய்விடுமோ என்ற கவலை. எல்லாம் உண்மை. ஆனாலும் ஒட்டவில்லை. அடித்துவிட்டேன்.]

3

மூன்று நாள் தள்ளிப்போட்டு, நான்காம் நாள் காலை அழைத்தேன். அவள் இப்போது பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியை. இடைவேளை போலிருக்கிறது, பின்னால் பிள்ளைகளின் இரைச்சல்.

“அடிப்பாவி, நீயா? குரல் அப்படியே இருக்குடி!”

நலம் விசாரித்து முடித்து, கேட்க வேண்டியதைக் கேட்டேன். “ஏன் குடுக்குற?”

“பத்திரிகையில போட்டுடாத, என்ன? எல்லாம் அந்தத் தராசுக்குத்தான்.”

“எந்தத் தராசு?”

“நான் உடைச்சேனே, அது. அன்னைக்கு அவசரத்துல கனமான குப்பியைத் தட்டுல டொப்புன்னு வெச்சுட்டேன். நான் இல்லவே இல்லன்னு எல்லார்கிட்டயும் சாதிச்சேன், உன்கிட்டகூட. மனசுக்குத் தெரியாதா? வேலை கெடைச்சதுலேர்ந்து முடிஞ்சத அனுப்புறேன். இப்பவும் பிள்ளைங்களுக்குத் தராசைக் குடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை சரிபாத்துடுவேன்.”

அப்போது எனக்குள் ஏற்பட்டது (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு வரவில்லை).

“நீ உடைக்கல,” என்றேன்.

“சும்மா ஆறுதலுக்குச் சொல்லாத.”

“ஆறுதல் இல்லடி. நான்தான் உடைச்சேன். நீ போனப்புறம் வந்து எடை போட்டேன். முள் சரியாத்தான் நின்னுச்சு. அதுக்கப்புறம்தான் நகர்த்தப் போயி சாச்சுட்டேன்.”

அவள் கதவைச் சாத்தினாள் போலிருக்கிறது, இரைச்சல் அடங்கியது.

“முள் சரியா நின்னுச்சா?”

“நின்னுச்சு.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

நீளமாக ஒரு மூச்சு விட்டாள். பிறகு சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத ஒரு குரலில், “நான் உடைக்கலயா! அய்யோ, நான் உடைக்கலடி!” என்றாள். என்னிடம் சொன்னதாகத் தோன்றவில்லை. மணி அடித்தது. “கிளாஸுக்குப் போகணும்,” என்று வைத்துவிட்டாள்.

அடிக்குறிப்பு: அவள் ‘மன்னிச்சுட்டேன்’ என்று சொல்லவில்லை. முந்தைய பிரதி ஒன்றில் சொன்னாள். கதை அந்த இடத்திலேயே படுத்துவிட்டது.

4

மேலாளரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

“ஆக, நம்ம ஆளுங்கள்லயே நம்பகமான ஒருத்தருக்கு, இனிமே குடுக்கக் காரணமே இல்லன்னு நீங்களே போன் போட்டுச் சொல்லியிருக்கீங்க.”

“ஆமா சார்.”

“இப்படி ஒரு நிதி திரட்டலை நான் பார்த்ததே இல்ல.” அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு குரல் மாறியது. “துறைத் தலைவருக்கு எல்லாத்தையும் எழுதிக் குடுங்க. அவங்க பேர்ல இருக்கற தண்டனைக் குறிப்பை எடுக்கச் சொல்லலாம்.”

எழுதிக் கொடுத்தேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட நிம்மதி பெரிதாக இருந்தது. மதியம் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டேன். (குற்றவுணர்வுக் கதையில் நாயகி இப்படிச் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டேனே, என்ன செய்ய?)

5

நேற்று அவளிடமிருந்து செய்தி: ‘சனிக்கிழமை பழைய மாணவர் கூட்டத்துக்கு வர்றேன். உன்கிட்ட பேசணும்.’ சிரிப்புப் பொம்மை எதுவும் இல்லை.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கட்டிக்கொள்கிறாள். இன்னொன்றில் நன்கொடைப் படிவத்தை என் கையில் திணித்து, “இந்த வருஷம் நீ குடு,” என்கிறாள். மூன்றாவதில் எல்லோர் முன்னாலும் கேட்கிறாள்: “என் ஒரு வருஷம்டி. அத எப்படித் தருவ?” இதற்கு என் பதிலை எழுத முடியாமல் நிறுத்திவிட்டேன்.

நிம்மதி அவளிடம் முதலில் வந்து சேர்ந்தது. கோபம் அடுத்த வண்டியில் வரலாம். வந்தால் அதற்கு முழு உரிமை உண்டு.

இன்று வெள்ளிக்கிழமை. பதினெட்டு வருடம் அவளுக்காக ஒரு வார்த்தை பேசாத நான், அவள் பேசப்போவதை எழுதுவது நியாயமில்லை. நீங்கள் அவளாக இருந்தால் என்ன சொல்வீர்களோ, அதை இங்கே எழுதிக்கொள்ளுங்கள். எதுவானாலும் சரி, நாளை கூட்டம் தொடங்கும் பத்து மணிக்கு நான் வாசலில் நிற்பேன்.