பிரேபனின் எட்டாவது கேக்

...பத்தேகாலுக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கிறது, அதற்குள் இந்தக் கேக்கை வேறு தின்று முடிக்க வேண்டும், அதுவும் சிரித்த முகமாக, ஓரத்துண்டு உனக்குத்தான் விபேகே என்று பிரேபன் வெட்டி வைத்துவிட்டார், மேலே தேங்காய்த்துருவலும் பழுப்புச் சர்க்கரையும் உருகி இறுகி, காலை ஐந்து மணிக்கே எழுந்து செய்தாராம், ஐந்து மணிக்கு விபேகேயும் விழித்துக்கொண்டுதான் கிடந்தாள், சொல்ல வேண்டிய நாலு வாக்கியங்களை உருப்போட்டபடி. பிரேபன், உன் வேலை இந்த மாதத்தோடு முடிகிறது... இது முதல் வாக்கியம். நாலே போதும், நீட்ட வேண்டாம், காரணம் விளக்க வேண்டாம், அதுவரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று பணியாளர் பிரிவில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். எழுதிக் கொடுத்தவர்களுக்கு என்ன, அவர்கள் வேறு மாடியில் இருக்கிறார்கள். இங்கே இந்த மேஜையில் அவளைச் சுற்றி எட்டுப் பேர், எழுந்து போகவும் முடியாது, வெள்ளிக்கிழமைக் கேக்கின்போது யாரும் பாதியில் எழுந்து போகக்கூடாது என்று விதி போட்டவளே அவள்தான்.

தப்புக் கேக். மற்ற இடங்களில் அது வெறும் கேலி, சொதப்பினவன் மற்றவர்களுக்குப் பீர் அல்லது கேக் வாங்கித் தருவான், சிரிப்பார்கள், தீர்ந்தது. அவள்தான் அதைப் பெரிய காரியமாக்கினாள், குழுத்தலைவி ஆன முதல் மாதத்திலேயே. வாரம் முழுக்கச் செய்த தப்பை வெள்ளிக்கிழமை நீயே வந்து சொல், கேக்கோடு சொல், நாங்கள் கைதட்டுவோம். காற்றாலைக்கு உதிரிபாகம் அனுப்புகிற வேலை, ஒரு சின்னத் தப்பை மறைத்தால் நடுக்கடலில் ஒரு இயந்திரம் ஒரு மாதம் நின்றுபோகும், அதனால் பயத்தை முதலில் வெளியே அனுப்புங்கள் என்று மற்றப் பிரிவுகளுக்கெல்லாம் போய்ப் பாடம் எடுத்தாள், தப்பைச் சொன்னவனைத் திட்டாதீர்கள், அடுத்த தப்பு உங்கள் காதுக்கே வராது... எவ்வளவு நன்றாகப் பேசினாள், கைதட்டல்கூடக் கிடைத்தது, எஸ்பியர்க் துறைமுகத்துக் கிளையே அவளைத் திரும்பிப் பார்த்தது, அந்தப் பெருமையில் கொஞ்சம் தலைகால் புரியாமல்தான் போய்விட்டது, இல்லை என்று இப்போது யாரிடம் சொல்ல?

பிரேபன் எழுந்து நின்றார். ஐம்பத்தெட்டு வயது, தாடியில் சர்க்கரைத் தூள். "இந்தத் தடவையும் நான்தான். முப்பத்தாறு மில்லிமீட்டர் போல்ட் கேட்டாங்க, நான் முப்பத்துமூணு அனுப்பிட்டேன். கப்பல் பாதி வழி போய்த் திரும்பி வந்துச்சு." எல்லோரும் கைதட்டினார்கள், விபேகேயும் தட்டினாள், தன் கைகள் தட்டுவதைத் தானே பார்த்தாள். எட்டாவது. ஏழுதானே தோர்கிலிடம் சொன்னது... ஆமாம், போன மாதம், கேன்டீனில், ரொட்டிமேல் மீனை அடுக்கிக்கொண்டே. தோர்கில் கிளைக்கே தலைவர், ஆனால் இங்கே மேலே கீழே எல்லோரும் ஒருவருக்கொருவர் 'நீ'தான், ஒரே வரிசையில் தட்டேந்தி நின்று ஒரே மேஜையில் சாப்பிடுகிறவர்கள், அந்த 'நீ'யை நம்பித்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். எங்கள் பிரேபனைப் பார், ஏழு கேக் கொண்டுவந்துவிட்டான், அப்படி ஒரு தைரியம், என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள், சத்தியமாகப் பாராட்டாகத்தான். ஒவ்வொரு குழுவிலும் ஒரு ஆளைக் குறைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது தோர்கில் நட்பாகவே சொன்னார்: "உனக்குக் கஷ்டமே இல்லையே, ஏழு தப்பு பண்ணின ஆளு இருக்கானே." அவள் மறுத்தாள். மறுத்தாளா? அப்படியில்லை என்று ஒரு தரம் சொன்னாள். ஒரே ஒரு தரம். அதற்குப் பிறகு கையெழுத்துப் போட்டாள்.

இந்த வாரம் உன் தப்பு என்ன என்ற கேள்வி மேஜையைச் சுற்றிப் போயிற்று, வழக்கம்போல. சிக்னேயிடம் இந்த வாரம் ஒன்றுமில்லை. பக்கத்தில் இருப்பவனிடமும் ஒன்றுமில்லை. அதற்கடுத்தவனிடமும். யித்தே காப்பியை ஊற்றிக்கொண்டே, "பிரேபன் இல்லேன்னா நாம எல்லாரும் இளைச்சுத் துரும்பாப் போயிருப்போம்," என்றாள், சிரித்தார்கள். விபேகே முள்கரண்டியைக் கீழே வைத்தாள். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை... போன வாரமும் இப்படித்தானே, அதற்கு முந்தின வாரமும்? குழு தேறிவிட்டது என்றல்லவா நினைத்திருந்தாள், பாடத்தில்கூட அதைச் சொன்னாளே, தப்புகள் பாதியாகக் குறைந்தன என்று. ஏழு பேர் தப்பே செய்யாமல் ஒரு வருஷம் இருப்பார்களா என்ன? பிப்ரவரியில் ஒரு உதிரிபாகத்தோடு தவறான சான்றிதழை அனுப்பியது யார், அதற்கு எந்தக் கேக்கும் வரவில்லையே. கடைசியாக வேறு யார் கொண்டுவந்தது என்று கேட்டேவிட்டாள், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு. சிக்னே கோப்பைக்குள் பார்த்தாள். யித்தேதான் பதில் சொன்னாள், கோபமே இல்லாமல்.

"நீ இதையெல்லாம் மேல போய்ப் பெருமையாச் சொல்ல ஆரம்பிச்சே பாரு, அதுக்கு முன்னாடி."

யாரும் சிரிக்கவில்லை. முகம் சுட்டது, ஓடிவிடலாமா என்றிருந்தது, எங்கே ஓட, கதவுக்குப் போக நாலு நாற்காலியைத் தாண்ட வேண்டும். இவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, அவள் மூன்று வருஷமாகப் பிரிவு பிரிவாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தது அவளுக்கு மட்டும்தான் தெரியாமல் போயிருக்கிறது, எந்த வார்த்தை எந்த மாடிக்குப் போகும் என்று ஏழு பேர் கணக்குப் போட்டு வாயை மூடிக்கொண்டபோது, ஒருவர் மட்டும்... அவருக்கும் தெரியாமலா இருக்கும்? பிரேபன் கத்தியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார், அவசரமில்லாமல், இரண்டு பக்கமும். துடைத்தபடியே கேட்டார்.

"பத்தேகாலுக்குக் கூப்பிட்டிருக்கியே விபேகே. யூனியன் ஆளையும் கூட்டிட்டு வந்துடவா?"

வேலையை விட்டு அனுப்புகிற பேச்சுக்குத்தான் யூனியன் ஆளைக் கூட்டி வருவார்கள், அப்படியானால் தெரியும். காலை ஐந்து மணிக்கு, சர்க்கரையை உருக்கும்போதே தெரியும். தெரிந்தும் போல்ட் கதையை இத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று சொல்லியிருக்கிறார். நாலு வாக்கியங்களில் எதுவும் இதற்குப் பதிலாகாது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். "கூட்டிட்டு வா," என்றாள், அவ்வளவுதான் சொன்னாள். பிரேபன் தலையாட்டினார், மிச்சக் கேக்கை மூடி வைத்தார், நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டுப் போனார். எழுந்து அவர் பின்னால் போக வேண்டும், இல்லை, இங்கேயே நின்று இவர்களிடம் சொல்ல வேண்டும், இந்த வாரம் என்னிடம் ஒரு தப்பு இருக்கிறது என்று. யாராவது கைதட்டிவிட்டால் என்ன செய்வது என்றுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.