அசல் சரிகையும் அசையாத முள்ளும்

பட்டு உடுத்துவோர், உடுத்த நினைப்போர், உடுத்தியவரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவோர் ஆகிய சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: அசல் சரிகைப் பாதுகாப்புக் குழுவின் நிறுவனரும் நிரந்தரத் தலைவரும், காஞ்சிபுரம் பட்டுக்கடை முதலாளியுமாகிய மாணிக்கவாசகம் அவர்களுடைய காரில் சூடு காட்டும் முள் வேலை செய்யவில்லை.

இது 1999இல் நடந்தது. முள் இரண்டு மாதமாகவே குளிர்ச்சியைக் குறிக்கும் C-யை விட்டு, சூட்டைக் குறிக்கும் H பக்கம் நகரவில்லை. முதலாளி அதைக் கோளாறு என்று நினைக்கவில்லை, குணம் என்று நினைத்தார். "என் வண்டி என்னை மாதிரிபா, சூடே ஆவாது" என்று ஏறினவர்களிடமெல்லாம் சொன்னார். தாமல் ஏரிக்கரையில் பானெட்டுக்குள்ளிருந்து ஆவி பீறிட்டபோதும் முள் குளுகுளுவென்று C-யில்தான் இருந்தது.

டிராக்டரில் கட்டி இழுத்துவந்து ராஜவேலுவின் மெக்கானிக் கொட்டகையில் விட்டார்கள். முதலாளியோடு குழுவின் செயலாளர் வேணுகோபாலும் வந்து இறங்கினார். மூலையில் மண்ணெண்ணெயில் போல்ட் கழுவிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான். சிவராஜ். இருபது வருடம் முதலாளிக்குத் தறி நெய்தவன். மூன்று மாதத்துக்கு முன்னால் அவன் நெய்த கல்யாணப் புடவை ஒன்று, சரிகை பிளாஸ்டிக் டூப்ளிகேட் என்று கடைக்குத் திரும்பி வந்தது. "நான் குடுத்தது அசல் வெள்ளி, இவன்தான் மாத்திட்டான்" என்றார் முதலாளி. தறியிலிருந்த பாவு நூலை அறுத்துக்கொண்டு போனார்; அன்றிலிருந்து அவனுக்கு இந்தக் கொட்டகையில்தான் கூலி வேலை. இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குக் குழு கூடுகிறது. சிவராஜ் திருடன் என்று தீர்மானம் ஆகிவிட்டால் ஊரில் ஒருவரும் அவனுக்குப் பாவு கொடுக்கமாட்டார்கள்.

ராஜவேலு பானெட்டைத் திறந்தான்.

"முள்ளுக்கு சொந்த புத்தி கெடையாதுங்க மொதலாளி. எஞ்சின்ல ஒரு சென்சாரு இருக்குது. அது சொல்றத இது காட்டும், அவ்ளோதான்."

"எங்க செயலாளர் மாதிரி" என்றார் முதலாளி. முதலில் சிரித்தவர் வேணுகோபால்.

"சென்சார்ல இருக்கற ஒயரைக் கழட்டி எஞ்சின் பாடியில தொட வெச்சா முள்ளு H-க்கு ஓடணும். ஓடிச்சுன்னா மீட்டரு நல்லாக்கீது, சென்சாருதான் அவுட்டு. ஓடலைன்னா மீட்டரு காலி. இந்த ஒயரு எட்டல. சிவராஜு, ஒரு முழம் ஒயரு எடுத்துக்கினு வாபா."

"அவன் கையால எதுவும் வேணாம்" என்றார் முதலாளி. "ஒயரு எதுக்குடா? செம்பை விட வெள்ளியில கரண்டு நல்லா ஓடும். பள்ளிக்கூடம் பக்கம் போயிருந்தா தெரிஞ்சிருக்கும்."

கைப்பையிலிருந்து அரக்கு முத்திரை வைத்த சரிகைச் சுருளை எடுத்தார். "இவனுக்குக் குடுத்த அதே கட்டுல மீதி. சாயங்காலம் சாட்சிக்கு எடுத்துக்கினு போறேன். நல்லா பாத்துக்கடா சிவராஜு, வெள்ளின்னா என்னன்னு."

அத்தனை வருடமாக அத்தனை முத்திரை குத்தியதில், எந்த முத்திரைக்கு அடியில் எதை வைத்தோம் என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது.

ராஜவேலு பத்து இழையைச் சேர்த்து முறுக்கினான். ஒரு முனையை ஒயரில் கட்டி, மறுமுனையை எஞ்சினில் அழுத்தினான். வேணுகோபால் உள்ளே உட்கார்ந்து சாவியைப் போட்டார்.

"ஏறுதா சார்?"

"இல்லபா."

எஞ்சினில் ஒரு இடத்தைச் சுரண்டிப் பளபளப்பாக்கி மறுபடி அழுத்தினான்.

"இப்ப?"

"அப்படியேதான் இருக்குது."

சிவராஜ் எழுந்து வந்தான். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு முழம் செப்பு ஒயரை ராஜவேலுவிடம் நீட்டினான். சரிகையை அவிழ்த்துவிட்டு அதைக் கட்டியதும் முள் துள்ளி H-இல் போய் முட்டியது.

"ஏறிடுச்சு! ஏறிடுச்சு!" என்று குழந்தைபோலக் கூவிய வேணுகோபால், பிறகுதான் முதலாளியின் முகத்தைப் பார்த்தார்.

"வெள்ளியில கரண்டு நல்லா ஓடும்னீங்களே மொதலாளி" என்றான் சிவராஜ். குரலில் கோபம்கூட இல்லை. மூன்று மாதம் கழித்து மூச்சு விடுகிறவன் குரல். "வேணு சார், நீங்களே பாத்தீங்க. சாயங்காலம் இதைச் சொன்னா போதும் சார். வேற ஒண்ணும் கேக்கல."

முதலாளி சுருளைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

"ராஜவேலு, மீட்டரு போயிடுச்சு. மாத்திடு."

"மீட்டரு நல்லாத்தானே… ஒயரு வெச்சா ஏறிச்சே மொதலாளி."

"இந்தக் கொட்டகை யாரு எடத்துலடா இருக்குது?"

ராஜவேலு பானெட்டுக்குள் தலையை நுழைத்துக்கொண்டான். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

"மீட்டருதாங்க" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

"சார்" என்றான் சிவராஜ்.

"எனக்குக் கிட்டப்பார்வைபா" என்று வேணுகோபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "H எது, C எதுன்னு சரியா தெரியல."

ஐந்து மணிக்குக் குழு கூடியது. சிவராஜ் திருடன் என்ற தீர்மானத்தை முதலாளி வாசிக்க, வேணுகோபால் வழிமொழிய, கரவொலியோடு நிறைவேறியது. சரிகையை மின்சாரம் வைத்துச் சோதிப்பது பட்டுக்கு இழைக்கும் அவமரியாதை என்று இரண்டாவது தீர்மானமும் போட்டார்கள். அதற்குக் கரவொலி இன்னும் பலமாக இருந்தது. மறுநாள் காலை ராஜவேலு, "நீ வராதபா, எனக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்குது" என்று சிவராஜைக் கொட்டகை வாசலிலேயே நிறுத்தினான். சிவராஜ் தறியைப் பிரித்து விறகுக்கு விற்றுவிட்டு, பஸ் ஸ்டாண்டில் பட்டுப்புடவை மூட்டை தூக்கப் போனான்.

காரில் புது மீட்டர் மாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள்.

முள் இன்னும் C-யில்தான் நிற்கிறது.