கடைசி விருந்தாளி போன பிறகு

லூக்கா புனிதர் திருநாளன்று எங்கள் வீட்டில் உட்காரக் கூடாத ஒரே ஆள் என் கணவன் விதோயே. அது அவன் குடும்பப் புனிதரின் நாள், ஸ்லாவா. வருகிறவர்கள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், குடிப்பார்கள், அரசியல் பேசிச் சண்டை போடுவார்கள். வீட்டுக்காரன் மட்டும் கடைசி விருந்தாளி வாசல் தாண்டும்வரை நின்றபடி பரிமாற வேண்டும். செர்பியாவில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை, எல்லோருக்கும் தெரியும். இருபத்தாறு வருஷம் அப்படி நின்றவன் அவன். பக்கத்து வீட்டுக் கிழவர் மிலுதின் மூன்றாவது கிளாஸ் பிளம் சாராயத்துக்குப் பிறகு, "கொஞ்சம் உட்காருப்பா விதோயே" என்பார். "நீங்கல்லாம் போன பிறகு உட்கார்றேன்" என்பான் இவன். உடனே எல்லோரும் சிரிப்பார்கள். வருஷா வருஷம் இதே கூத்து, கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது என்று சொல்லித் திரிந்தேன். என்ன திமிர் எனக்கு.

போன வருஷம் செப்டம்பரில் மரம் ஏற்றி வந்த லாரி ஒன்று மலைச்சாலை வளைவில் இவன் காரைப் பாறையோடு சேர்த்து நசுக்கியது. உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே உணர்வு ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த ஸ்லாவாவின்போது அவன் மருத்துவமனையில் கிடந்தான். நான் மெழுகுவர்த்தி மட்டும் ஏற்றி வைத்துவிட்டு அழுதேன். ஏழு மாதம் கழித்துச் சக்கர நாற்காலியோடு வந்து சேர்ந்தான். அங்கே அவனுக்கு எல்லாம் கற்றுக்கொடுத்திருந்தார்கள். சக்கரத்தைப் பூட்டு, வழவழப்பான பலகையைத் தொடைக்கடியில் வை, கையை ஊன்றி நகர்ந்து அடுத்த இருக்கைக்கு மாறு. அங்கே செய்தானாம். வீட்டுக்கு வந்ததும் பலகையை அலமாரிக்குப் பின்னால் செருகிவிட்டான். கட்டிலில் நானும் அவன் தம்பி ஓப்ராதும் தூக்கிப் போட வேண்டும். மற்ற நேரமெல்லாம் பின்னறை ஜன்னலே கதி. அடுப்புப் பக்கத்தில் அவனுடைய மர நாற்காலி காலியாகவே கிடந்தது. நான் அதில் ஒரு துண்டுகூடப் போடவில்லை.

இந்த வருஷத் திருநாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது என்னிடம் ஒரு தாளை நீட்டினான். முப்பது பெயருக்கு மேல் இருந்தது.

"எல்லாருக்கும் ஃபோன் போட்டுச் சொல்லிடு. இந்த வருஷம் ஸ்லாவா கிடையாது."

"எதுக்கு?"

"எதுக்கா? பதிமூணு மாசமா உட்கார்ந்தே கிடக்கேன் யாகோதா. உட்கார்ந்து கிடக்கிறவன் என்ன வீட்டுக்காரன்? புனிதர் படத்தை ஓப்ராத் வந்து எடுத்துட்டுப் போகட்டும். இனிமே எல்லாம் அவன் வீட்லயே நடக்கட்டும்."

"உனக்கு அடிபட்டது முதுகுலயா மூளையிலயா?"

அவன் சிரிக்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. மீன்பிடிக்கப் போகும் ஆற்றை விட்டான், கூட வேலை பார்த்த டிப்போ நண்பர்களை விட்டான், முன்வாசலுக்கு வருவதைக்கூட விட்டான். மிச்சமிருந்தது அந்தப் படம் ஒன்றுதான். அது போனால் இவனும் போய்விடுவான், வெறும் மூச்சுதான் இந்த வீட்டில் இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

ஸ்லாவாவுக்கு நாங்கள் யாரையும் அழைப்பதில்லை. ஒருமுறை வந்தவர் அடுத்த வருஷம் தானாகவே வருவார். வர வேண்டாம் என்றால்தான் சொல்லியனுப்ப வேண்டும். ஆக, நான் செய்ய வேண்டியதெல்லாம் ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். ஃபோனை எடுத்துக்கொண்டு சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். பின்னறைக்குக் கேட்கும்படி ஊறுகாய் ஜாடிகளிடம் அரைமணி நேரம் பேசினேன். "ஆமாங்க, இந்த வருஷம் இல்லீங்க. அவருக்கு முடியல." ஜாடிகள் மிகவும் வருத்தப்பட்டன.

மிலுதினின் மருமகள் ஸ்தோயான்காவின் அடுப்பில் மூன்று நாள் ஒளிந்து ஒளிந்து சமைத்தேன். முட்டைக்கோஸ் இலையில் கறியைச் சுருட்டச் சுருட்ட ஒரே யோசனைதான் ஓடியது. இத்தனை பேர் வந்த பிறகு இவன் கதவைச் சாத்திக்கொண்டால்? ஓப்ராதிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணன் வெளிய வரலைன்னா நீதான் பரிமாறணும்."

"எனக்கு அதெல்லாம் வராது அண்ணி."

"வரும். தட்டைத் தூக்கத் தெரியும்ல?"

திருநாள் காலை மெழுகுவர்த்தியை ஏற்றினேன். பதினோரு மணிக்கு ஓப்ராத் வந்தான். "படத்தைத் துணியில சுத்தி எடுடா, கண்ணாடி பத்திரம்" என்று பின்னறையிலிருந்து குரல் வந்தது. அவன் பதில் சொல்வதற்குள் மிலுதினும் ஸ்தோயான்காவும் வந்துவிட்டார்கள், பின்னாலேயே டிப்போ நண்பர்கள். உச்சிப்பொழுதுக்குள் பன்னிரண்டு பேர். பின்னறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

நான் உள்ளே போனேன். பழைய ஸ்வெட்டரோடு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"எல்லாருக்கும் ஃபோன் பண்ணிட்டேன்னு சொன்னியே."

"பொய் சொன்னேன்."

"ஏன் இப்படிப் பண்ணின?"

"எனக்கு என் வீட்டுக்காரன் வேணும். அதான்."

சக்கரத்தைப் பிடித்து ஜன்னலை இன்னும் நெருங்கினான். பிறகு, "நீ போ யாகோதா" என்றான். வந்துவிட்டேன்.

கூடத்தில் ஓப்ராத் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தான். வந்தவருக்கு முதலில் ஒரு ஸ்பூன் இனிப்புக் கோதுமை தர வேண்டும்; இவன் நேராகச் சாராயத்தை ஊற்றினான். "டேய், கோதுமைடா, கோதுமை!" என்று மிலுதின் காதோரம் கத்தினார். அதைத் தேடிப் போனவன் சூப்பைக் கொட்டினான். துடைத்தான். வியர்த்தான். கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டு, கைக்கு எட்டிய நாற்காலியை இழுத்துப் பொத்தென்று உட்கார்ந்தான். அடுப்புப் பக்கத்து மர நாற்காலி. அது போட்ட கிரீச் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

பின்னறைக் கதவு திறந்தது.

"அது என் நாற்காலிச் சத்தம்தானே? ஸ்லாவாவுல எவன்டா உட்கார்ந்தது?"

ஓப்ராத் துள்ளி எழுந்தான். "இல்லண்ணா, கால் வலிச்சுதுன்னு..." சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

விதோயே அவனை ஏற இறங்கப் பார்த்தான். "கால் வலிக்குதா? குடுத்து வச்சவன்டா நீ. அந்தத் தட்டை இங்க கொண்டா."

யாரோ ஒருவர் முதலில் சிரித்தார். பிறகு விதோயேவே சிரித்தான். பதிமூன்று மாதம் அந்தச் சத்தத்தைக் கேட்காத காது எனக்கு. ஓப்ராத் வேண்டுமென்றே அந்த நாற்காலியில் உட்கார்ந்தானா என்று இன்றுவரை கேட்டுப் பார்க்கிறேன், சத்தியம் செய்து மறுக்கிறான். அவன் சத்தியத்தை நான் நம்புவதில்லை.

விதோயே பக்கத்தில் வந்தபோதுதான் பார்த்தேன். ஸ்வெட்டர் இல்லை, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். அது அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. எப்படி எட்டி எடுத்தானோ, பட்டன் ஒன்று மாறிப் போட்டிருந்தான். நான் சரிசெய்யவில்லை.

கோதுமைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போனான். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சிலர் கூரையைப் பார்த்தார்கள். "கோதுமை கீழ இருக்கு, மேல இல்ல" என்றான். பிறகு சாராயம். "இத்தனை வருஷம் மேலேயிருந்து பார்த்து ஏமாந்துட்டேன். இப்பத்தான் கிளாஸெல்லாம் கண்ணுக்கு நேரா இருக்கு. நீ குடிக்காமயே வச்சு ஏமாத்துற, குடி" என்று ஒரு நண்பனைப் பிடித்தான். கம்பள விளிம்பில் சக்கரம் மாட்டியபோது தள்ளிவிடப் போனேன். முறைத்தான், விலகிக்கொண்டேன்.

ஸ்லாவா ரொட்டியை வீட்டுக்காரனும் விருந்தாளிகளும் சேர்ந்து பிடித்து மூன்று சுற்று சுற்றி உடைக்க வேண்டும். எல்லோரும் எழுந்து நின்றார்கள், ரொட்டி அவன் தலைக்கு மேலே போய்விட்டது. மிலுதின்தான் முதலில் குனிந்தார். பிறகு ஒவ்வொருவராகக் குனிந்தார்கள், பெருவயிற்று டிப்போ ஆட்கள்கூட முனகிக்கொண்டே குனிந்தார்கள். அவன் மடி உயரத்தில் ரொட்டி சுற்றியது. எனக்குக் கண் மறைத்தது.

மூன்றாவது கிளாஸ் முடிந்தது. மிலுதின் பழக்கதோஷத்தில், "கொஞ்சம் உட்காருப்பா விதோயே" என்றுவிட்டார்.

ஸ்பூன் சத்தம்கூட நின்றது. ஸ்தோயான்கா மாமனாரின் கையைக் கிள்ளினாள். கிழவரின் முகம் வெளுத்துவிட்டது. விதோயே சாராயப் பாட்டிலை மடியில் வைத்தபடி அவரையே பார்த்தான்.

"நீங்கல்லாம் போன பிறகு உட்கார்றேன்" என்றான்.

அன்று நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

இருட்டத் தொடங்கும்போது ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஓப்ராத் சுவரிலிருந்த படத்தைக் காட்டி, "இதை என்னண்ணா பண்றது?" என்று கேட்டான்.

"அது வச்ச இடத்துலயே இருக்கட்டும்."

"அப்ப நான் இருந்து உன்னைக் கட்டில்ல படுக்க வச்சுட்டுப் போகட்டுமா?"

"நீயும் இன்னிக்கு விருந்தாளிதான். கிளம்புடா."

வழக்கம்போல மிலுதின்தான் கடைசி. விதோயே வாசல்வரை போய் அவரை வழியனுப்பி, கதவைத் தானே சாத்தினான். திரும்பி அடுப்புப் பக்கம் வந்தான்.

"யாகோதா, அலமாரிக்குப் பின்னால ஒரு பலகை இருக்கும். எடு."

எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தேன். மர நாற்காலியை ஒட்டிச் சக்கரத்தைப் பூட்டினான். பலகையைத் தொடைக்கடியில் தள்ளினான். கையை ஊன்றி எழும்பினான், சக்கர நாற்காலியிலேயே திரும்ப விழுந்தான். நான் ஓடினேன்.

"தொடாதே."

இரண்டாவது முறை பாதி வழியில் கை நடுங்கி நின்றது. நெற்றி நரம்பு புடைத்திருந்தது. நான் என் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, லூக்கா புனிதரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கிரீச் என்று நாற்காலி சத்தம் போட்டது.

திரும்பிப் பார்த்தால், முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"அப்பாடா" என்றான். "காலையிலேர்ந்து இப்பத்தான் உட்கார்றேன். ஒரு கிளாஸ் ஊத்தும்மா."

ஊற்றினேன். மேஜையில் கொஞ்சம், தரையில் கொஞ்சம், கிளாஸில் கொஞ்சம்.